உழாத கலப்பை

2022 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் வாசற்படியில் உட்கார்ந்து கிண்ணத்தில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மெஷினுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது அவ்வளவுதான். தலையைத் தூக்கிப் பார்த்தபோது கிண்ணம் படியில் உருண்டுகொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம்.

இடது புருவத்துக்கு மேலே நாலு தையல். ‘அரை அங்குலம் கீழே பட்டிருந்தால்’ என்று யாரும் பேச்சை ஆரம்பிக்கவில்லை. என் மனைவி டாக்டர். அந்த அரை அங்குலத்தின் அர்த்தம் அவளுக்குத்தான் முழுசாகத் தெரியும். காரில் திரும்பி வரும்போது அவள் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழையும் முன் மட்டும், “இனிமே அவ வெளிய இருக்கறப்போ மெஷினை எடுக்காதீங்க” என்றாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். பக்கத்து வீடு என்றால் கால் மைல் தள்ளி, மேட்டின்மேல். எழுபத்தெட்டு வயது. ஊர் ரோடு வேலையில் முப்பது வருடம் கிரேடர் ஓட்டியவர். மகளைக் கூப்பிட்டு நெற்றிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம், “அந்தக் கல்லு இருக்கா?” என்று கேட்டார்.

படியோரத்திலேயே கிடந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. சாம்பல் நிறம், எல்லாப் பக்கமும் கூர். உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தார்.

“இது புல்லுக்குள்ள முளைச்ச கல்லு இல்ல. ஜனவரியில நீ எறிஞ்சது. இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு.”

அவர் குத்திக்காட்டவில்லை. ரோட்டில் ஒரு பள்ளம் ஏன் விழுந்தது என்று விளக்குகிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் அது தொண்டையில் நின்றது.

*

நாங்கள் இருப்பது வெர்மான்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலை. ‘நார்த்ஈஸ்ட் கிங்டம்’ என்பார்கள். ராஜா யாரும் கிடையாது. மலை, மாடு, மேப்பிள் மரம், அப்புறம் பனி. மனைவிக்கு இங்கே ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. 2021 செப்டம்பரில் இந்த வீட்டை வாங்கினோம். ரோட்டிலிருந்து நன்றாக உள்வாங்கிய வீடு. ரோட்டுக்கும் கராஜுக்கும் நடுவே 200 அடி நீளத்துக்கு டிரைவ்வே. தார் கிடையாது, ஜல்லி. முதல்முறை வீடு பார்க்க வந்தபோது காருக்கு அடியில் அது கரகரவென்று போட்ட சத்தத்துக்கே விலை கொடுக்கலாம் என்று தோன்றியது.

வெர்மான்ட்டில் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்னும் தார் காணாதவை. எங்கள் வீட்டுக்கு வரும் ஊர் ரோடும் அப்படித்தான். நம் ஊரில் கப்பி ரோடு என்போமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. உருண்டைக் கூழாங்கல்லைக் கொட்டினால் பார்க்க அழகாக இருக்கும், சக்கரம் ஏறினால் ஓடிவிடும். உடைத்த ஜல்லி அப்படியில்லை. கூரான முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் சந்தைக் கல்தூள் அடைக்கும், மேலே வண்டி போகப்போக இறுகும். ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோடு போடுகிறவர்களுக்குச் சொன்ன பாடத்தின் சாரம் இதுதான். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பிடிதான் ரோடு.

இனி பனிக்கு வருகிறேன். ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக 100 அங்குலத்தைத் தாண்டுவது இந்தப் பக்கம் அதிசயமில்லை. ஒரு நல்ல புயல் ஒரே ராத்திரியில் ஒரு அடி போட்டுவிடும். 200 அடி நீளம், 10 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 2,000 கன அடி. பஞ்சு மாதிரி இருக்கிற புதுப் பனியை உருக்கினாலே சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் தேறும். அந்தக் கணக்கில் ஐந்தரை டன்னுக்கு மேல். ஈரப் பனி என்றால் இன்னும் அதிகம். காலை 5.45க்கு மனைவியின் கார் ரோட்டில் ஏறியாக வேண்டும். கையால் அள்ளி முடிகிற வேலை இல்லை.

காசுக்குப் பனி தள்ளிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வருடக்கணக்கான வாடிக்கை. புதிதாக வந்தவனுக்கு இடம் கிடைக்கவில்லை. முன்னால் ஏழரை அடி பிளேடு மாட்டிய பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கினேன். பிளேடை ஏற்ற, இறக்க, இடம் வலம் திருப்ப, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். வீடியோ கேம் மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில் முதல் பனி, நாலு அங்குலம் விழுந்தது. பிளேடைத் தரைவரை இறக்கி ஒரே தள்ளு. பின்னால் திரும்பிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. தரை தெரிந்தது. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா போனில், “ஏய்யா, ஐஸு அள்ளவா இம்புட்டுத் தூரம் போன?” என்றாள். அப்புறம் போட்டோவை இன்னொரு தடவை பார்த்திருப்பாள் போல. “ஆனா தர தெரியுதுய்யா. சுத்தமா வச்சிருக்க.”

தினமும் விடியுமுன் முற்றம் பெருக்குகிறவள் சொன்ன பாராட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க அதற்காகவே தள்ளினேன். ஒவ்வொரு புயலுக்கும் தரை தெரியத் தெரியத் தள்ளினேன். இரண்டு பக்கமும் குவிந்த பனி மேட்டில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்ததைப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன்.

ஏப்ரலில் பனி உருகியதும் புள்ளிகள் தரையில் இறங்கின. டிரைவ்வேயின் இரு பக்கமும் புல்வெளியில் மூன்றடி அகலத்துக்கு ஜல்லி. டிரைவ்வேயிலோ இரண்டு பள்ளம், நடுவில் சேறு. ரேக்கால் வாரி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பதினோரு நடை திருப்பிக் கொட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். மிச்சத்தைப் புல் மூடிக்கொண்டது. புல் வெட்டும் மெஷினின் பிளேடு முனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதன் வாயில் ஒரு ஜல்லி மாட்டினால் அது எங்கே போகும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது.

*

ஆங்கிலத்தில் இந்த பிளேடுக்குப் பெயர் ‘ப்ளவ்’. வயலை உழுகிற கலப்பைக்கும் அதே பெயர்தான். கொஞ்ச நாள் கழித்துத்தான் இந்தப் பெயரில் இருந்த பொறி எனக்கு உறைத்தது.

எங்களுக்குச் சாத்தூர் பக்கம் கரிசல் காடு. அப்பா மாடு கட்டி உழுததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கொழு மண்ணுக்குள் இறங்கும் ஆழத்தை மேழியில் இருக்கும் கை அழுத்தம்தான் சொல்லும். அகல உழுவதைவிட ஆழ உழு என்பது வீட்டில் திட்டுவதற்குக்கூடப் பயன்படுகிற சொலவடை. நான் பாடப் புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்தால் அப்பா அதைத்தான் சொல்வார். மண் புரளாவிட்டால் அது உழவே இல்லை. மாட்டை நடத்திக் கூட்டிப்போனதுதான் மிச்சம்.

இங்கே கலப்பை மண்ணைத் தொட்டால் தப்பு. பெயர் ஒன்று, வேலை நேரெதிர். முதல் வருடம் நான் டிரக்கில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் கலப்பையைத்தான் ஓட்டியிருக்கிறேன்.

*

அந்த அக்டோபரில், மரங்களெல்லாம் சிவந்திருந்தபோது, பெரியவர் தாமாகவே வந்தார். டிரக்கின் முன்னால் மண்டியிட்டு பிளேடின் அடியைப் பார்த்தார். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“உன் ஷூ எங்கே?”

என் காலைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளேடின் இரண்டு முனையிலும் பின்பக்கமாக, காளானைக் கவிழ்த்து வைத்தது போல இரண்டு இரும்புப் பாதங்கள் இருக்க வேண்டுமாம். அதற்குப் பெயர்தான் ஷூ. பனியில் வழுக்கிக்கொண்டு போகும். பிளேடு தரையைத் தொடாமல் தாங்கிப் பிடிக்கும். காம்பில் கோத்திருக்கும் வாஷர்களைக் கூட்டிக் குறைத்து உயரத்தை வைத்துக்கொள்ளலாம். டிரக்கை எனக்கு விற்றவர் அதைக் கழற்றிவிட்டிருந்தார். தார் ரோட்டுக்கு அது வேண்டாம்.

ஷூவை வாங்கி மாட்டினோம். கராஜின் சிமென்ட் தரையில் நிறுத்தி, ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் இடைவெளி வைத்தோம். அது போதாது என்று ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தது. அந்தக் கீறலை பிளேடின் கூர் விளிம்பில் செருகி போல்ட் போட்டார். இப்போது விளிம்பு கூர் இல்லை, உருண்டை. கல்லைச் சந்தித்தால் கொத்தாமல் மேலே ஏறிப் போகும். நல்ல விலை கொடுத்து வாங்கிய பிளேடின் கூரை மழுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முதல் பனியைத் தள்ளாதே” என்றார்.

“அப்புறம்?”

“மேல வண்டியை ஓட்டு. முன்னாடி, பின்னாடி. மிதி. ரெண்டாவதும் கொஞ்சமா விழுந்தா அதையும் மிதி.”

நவம்பரில் தரை இன்னும் உறைந்திருக்காது. ஜல்லிக்கு அடியில் ஈரமும் இளக்கமும் இருக்கும். அந்த நேரத்தில் பிளேடு பட்டால் ஒரு கல் பெயராது, பாயைச் சுருட்டுவது போல ஒரு பரப்பே பெயர்ந்து வரும். தரை உறையும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மிதிபட்ட பனி இறுகி, ஜல்லிக்கு மேல் வெள்ளையாக ஒரு தளம் போட்டுவிடும். பிறகு வருகிற பனியையெல்லாம் அந்தத் தளத்தின் மேல்தான் தள்ள வேண்டும். கல்லை மார்ச் கடைசிவரை பார்க்கவே கூடாது.

“தரை தெரியக் கூடாதா?”

“தரை எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? அது போதும்.”

மற்றதெல்லாம் பட்டியலாக வந்தன. தரை உறையும் முன்பே இரு பக்கமும் பிரதிபலிப்பு ஒட்டிய குச்சிகளை நட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரி இருட்டில் டிரைவ்வே எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. புயல் ஓயட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை போய்த் தள்ளிவிட வேண்டும். கனம் ஏறஏற பிளேடு அடியில் போகப் பார்க்கும். கராஜ் கதவுக்கு முன்னால் முன்புறமாகத் தள்ள இடமில்லை. கதவோரம் பிளேடை இறக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஆரம்பத்து மேடுகளை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். டிசம்பரில் சோம்பேறித்தனமாகப் பக்கத்திலேயே குவித்தால் பிப்ரவரியில் டிரைவ்வே ஒரு சைக்கிள் போகிற அளவுக்குச் சுருங்கிவிடும். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளக் கூடாது, அது சட்டப்படி குற்றம். ரோட்டை ஒட்டி ஊர் ப்ளவ் போட்டுவிட்டுப் போகும் மேட்டில் உப்பும் ஜல்லியும் கலந்திருக்கும். அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டேன். அவர் அதை ஒரு மாதிரி பார்த்தார்.

*

அந்த வருடம் சொன்னபடியெல்லாம் செய்தேன். மனசு ஒட்டவில்லை. தள்ளி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பின்னால் வெள்ளையாகவே இருக்கும். வேலை முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வது? பாத்திரத்தை அரைகுறையாகக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பவில்லை.

ஜனவரி நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்து, பிறகு மழை பெய்து, அன்று ராத்திரியே உறைந்தது. பாடுபட்டு வளர்த்த வெள்ளைத் தளம் கண்ணாடியாகிவிட்டது. காலையில் கார் கதவைத் திறக்கப் போன மனைவி அப்படியே உட்கார்ந்தாள். எழுந்து பாவாடை தட்டுவது போலக் கோட்டைத் தட்டிக்கொண்டு, “உங்க ஃப்ரெண்டுகிட்ட இதையும் கேளுங்க” என்றாள்.

கேட்டேன். “ஆமா, வழுக்கும்” என்றார். வேறெதுவும் சொல்லப் போவதில்லை என்று நினைத்தபோது தொடர்ந்தார். “மணல் போடு. விறகு அடுப்புச் சாம்பல் இருந்தா அதையும் போடு. உப்பு மட்டும் போடாதே.”

உப்பு தளத்தை உருக்கும். அந்தத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். கீழே தரை இன்னும் உறைந்து கிடப்பதால் மேலும் கீழே போக வழியிருக்காது, அங்கேயே நின்று ஜல்லியின் பிடியை இளக்கிவிடும். அடுத்த தள்ளில் எல்லாம் கையோடு வரும். மார்ச், ஏப்ரலில் இந்த ஊர் ரோடுகளெல்லாம் ‘சேற்றுக் காலம்’ என்ற ஒன்றை அனுபவிப்பதற்கும் அதே காரணம்தான்: மேல்மண் உருகிவிடும், அடிமண் உருகாது. உப்பு போடுவது ஜனவரியிலேயே ஏப்ரலைக் கூட்டிவருகிற வேலை.

மணலைத் தூவிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவர் வண்டிக்காலத்துக் கதையைச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்னால், கார் வருவதற்கு முன்னால், இங்கே யாரும் பனியைத் தள்ளவே இல்லையாம். உருட்டினார்களாம். ஆள் உயரத்துக்கு மரத்தால் செய்த பெரிய உருளைகளைக் குதிரைகள் இழுத்துப் போகும். பனி அமுங்கி இறுகும். அதன்மேல் சறுக்கு வண்டிகள் சக்கரம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோடையில் சேறும் பள்ளமுமாகக் கிடந்த ரோடு குளிர்காலத்தில்தான் பயணத்துக்கு லாயக்கானது. பனி அவர்களுக்குத் தடை இல்லை, ரோடே அதுதான். மரக்கூரை போட்ட பழைய பாலங்கள் வெர்மான்ட்டில் இன்னும் நூறு அளவில் இருக்கின்றன. கூரைக்கு அடியில் பனி விழாது அல்லவா? சறுக்கு வண்டி பலகையில் உரசி நின்றுவிடும். அதனால் பாலத்துக்குள் பனியை அள்ளிக் கொண்டுபோய்ப் பரப்புவதற்கென்றே ஆள் போட்டிருந்தார்கள். பிற்பாடு படித்துப் பார்த்தேன். நியூ இங்கிலாந்து முழுக்கவே அப்படித்தான் நடந்திருக்கிறது.

பனியை அள்ளிக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டக் கூலி வாங்கிய மனிதர்களை நினைத்துக்கொண்டே அன்று தூங்கினேன். மறுநாள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்த வெள்ளை முதல்முறையாகக் குறையாகத் தெரியவில்லை.

2023 ஏப்ரலில் பனி உருகியபோது புல்லிலிருந்து ஒன்றரைத் தள்ளுவண்டி ஜல்லி வாரினேன். அதற்கு முந்தைய வருடம் பதினொன்று. புல் முளைக்கும் முன் நானும் மகளும் கைகோத்துக்கொண்டு இரு பக்கமும் மெதுவாக நடந்து மிச்சத்தைப் பொறுக்கினோம். அவளுக்கு ஒரு கல்லுக்கு ஒரு சென்ட். புருவத்துக்கு மேல் அந்தக் கோடு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. ஒன்றே முக்கால் டாலர் சம்பாதித்தாள்.

*

2024 ஜனவரியில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது. வேறு மாநிலத்தில் இருக்கும் பெரியவரின் மகன். அப்பா போன் செய்தார், மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்கிறார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், பாதை எப்படி இருக்கும் என்று கேட்டார். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். சாயங்காலத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு அங்குலம் இருக்கும். அவர் டிரைவ்வே என்னுடையதைப் போல இரண்டு மடங்கு நீளம், அதில் பாதி ஏற்றம். அந்த வருடத்திலிருந்து அவருடையதையும் நான்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அன்று ராத்திரி நான் தூங்கிவிட்டேன்.

மனைவி பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாடியே டிரக்கில் ஏறியிருந்தாள். மகளைத் தூக்கிப் போர்வையோடு பின்சீட்டில் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிடமாவது ஆகும்.

அவர் டிரைவ்வேயின் வாயில் பிளேடை இறக்கினேன். “வேகமா” என்றாள் மனைவி. எனக்கும் அதேதான். அந்த நேரத்தில் கல்லைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பிளேடு தரைவரை போய் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரட்டும், ஒரு கருஞ்சாம்பல் ரோடு தெரியட்டும், ஆம்புலன்ஸ் ஏறிவிடும் என்றுதான் கை துடித்தது. நெம்புகோலை முழுசாக அழுத்தினேன். பிளேடு ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஷூவைக் கழற்ற ஸ்பானர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நேரம் வேண்டும். மூன்றும் இல்லை. நவம்பரில் நிதானமாக நாலைந்து வாஷரைக் கோத்த ஒருவன், ஜனவரி ராத்திரி பதறிக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வளைவில் மட்டும் அவசரத்தில் உள்பக்கம் ஒடித்துவிட்டேன். ஒரு ‘கிர்ர்’ சத்தம் வந்தது. அது எனக்குத் தெரிந்த சத்தம்.

“மெதுவா, மெதுவா” என்றாள்.

ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி அவள் இறங்கி, முழங்கால் பனியில் நடந்தே வீட்டுக்குப் போனாள். நான் மேலும் கீழுமாக நாலு தள்ளு தள்ளி அகலப்படுத்தினேன். ஏற்றத்தின் உச்சியில் மூடி போட்ட ஒரு பீப்பாயில் அவர் மணல் வைத்திருப்பார். அதை மண்வாரியால் அள்ளி இறக்கம் முழுக்க வீசினேன். கடைசி வாரலை வீசும்போது கீழே ரோட்டில் சிவப்பு வெளிச்சம் திரும்பியது. வண்டி ஒரு இடத்தில் சக்கரம் சுழன்று நின்றது. மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தேன். மணலைப் பிடித்து ஏறிவிட்டது.

படுக்கையில் வைத்து ஏற்றும்போது அவர் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து எதையோ சொன்னார். கேட்கவில்லை. மனைவி அவரோடு ஏறிக்கொண்டாள். நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளோடு வீட்டுக்குத் திரும்பினேன். மறுபடி தூங்கவில்லை. இரண்டு டிரைவ்வேயையும் விடியும்வரை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தள்ளினேன். இனி யாரும் வரப் போவதில்லை என்று தெரிந்தும் தள்ளினேன்.

*

மாரடைப்புதான். பெரிய மருத்துவமனைக்கு மாற்றி இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தார். ஏப்ரல் நடுவில் திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். மகன் கூடவே தங்கினார்.

வந்த மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். போனேன். கைத்தடியோடு டிரைவ்வே ஓரமாகப் புல்லில் நின்றுகொண்டிருந்தார். பனி முழுக்கப் போயிருந்தது. போன வருடத்துப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. அந்த ராத்திரியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. சாயங்காலமே ஒருமுறை வந்து தள்ளியிருக்க வேண்டும், தூங்கிவிட்டேன் என்று. மூன்று மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

அவர் தடியால் புல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். மேலிருந்து கீழே வர அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். வளைவு வந்ததும் தடியால் ஒரு இடத்தைக் காட்டினார். குனிந்து பொறுக்கினேன். இன்னொன்று. இன்னொன்று. ரோடு வரைக்கும் போய் முடித்தபோது என் கையில் ஏழு கல் இருந்தன.

கையை நீட்டச் சொல்லி ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்தார்.

“இந்த ரெண்டும் ஊர் ப்ளவ் போட்டது. உன் கணக்குல வராது.”

“மிச்சம்?”

“வளைவுல அவசரப்பட்டிருக்கே.”

“ஆமா” என்றேன். “அன்னிக்கு நான் சாயங்காலமே வந்திருக்கணும்.”

அவர் கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு கல்லு” என்றார். “ஒரு குளிர்காலத்துக்கு அது பரவாயில்ல.”

பிறகு அந்தக் கற்களை டிரைவ்வேயில் போடச் சொன்னார். போட்டேன். கீழே சிதறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு, காலால் ஒவ்வொன்றாக மிதித்து அமுக்க ஆரம்பித்தார். நானும் சேர்ந்து மிதித்தேன்.